ஒட்டும் கட்டும்: ஈரநாட்டில் வில்லின் மூட்டு

தோ பாயோ என்னும் ஊர்ப்பெயரே ஒரு மூட்டுத்தான். ஹொக்கியன் மொழியில் 'தோ' என்பது பெரியதைக் குறிக்கும். 'பாயோ' என்பது சதுப்பு நிலத்தைக் குறிக்கும் 'பாயா' என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு. இரு மொழிகளின் துண்டுகள் பொருந்திப் 'பெருஞ்சதுப்பு' என்ற பெயராயின. 1960களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அந்நிலத்தைத் திருத்தி அடுக்குமாடி வீடுகளை எழுப்பியது. சதுப்பு மறைந்தது, பெயர் நின்றது, காற்றின் ஈரமும் நின்றது. சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். ஆண்டு மழையளவு 2,000 மில்லிமீட்டருக்கு மேல். மரத்தோடு பழகுவோர் இவ்விரண்டு எண்களையும் மறப்பதற்கில்லை.

அதே தோ பாயோவில் லியான் ஷான் சுவாங் லின் மடாலயம் இருக்கிறது. 1898இல் தோற்றம் பெற்ற இம்மடாலயத்திற்கு லோ கிம் போங் என்னும் வணிகர் நிலம் அளித்தார். கட்டுமானம் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நடந்தது. 1980இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1990களில் நடந்த பெருஞ்சீரமைப்பில் சீனாவிலிருந்து வந்த தச்சர்களும் உழைத்தனர். அங்குச் செல்லும் மாணவர்கள் கூரையின் அடியை அண்ணாந்து பார்க்க வேண்டும். தூணும் விட்டமும் கூடும் இடங்களில் ஒன்றின் துளைக்குள் மற்றொன்றின் நாக்குப் புகுந்திருக்கும். அடுக்கடுக்கான தாங்குகட்டைகள் ஒன்றையொன்று கவ்வியிருக்கும். சீனத் தச்சு மரபு ஆணியையும் பசையையும் நம்பி எழுந்ததன்று. மழைக்காலத்தில் மரம் பருக்கவும் வெயிற்காலத்தில் சுருங்கவும் அம்மூட்டு இடங்கொடுக்கிறது.

அங்குள்ள மூட்டுகள் அசையாமல் நிற்பதற்காக அமைந்தவை. இவ்வுரை எடுத்துக்கொள்வது வேறொரு மூட்டு. ஒவ்வொரு முறை நாணை இழுக்கும்போதும் வளைந்து, விடும்போது நொடிப்பொழுதில் நிமிர்ந்து, ஆயிரக்கணக்கான முறை இவ்வேலையைச் செய்தும் விட்டுப்போகாமல் இருக்க வேண்டிய மூட்டு, மரவில்லின் மூட்டு. தமிழர் வில்லைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. சேரர் கொடியில் வில், வல்வில் ஓரியின் கையில் வில், இராமன் தோளில் வில் என்று பெருமையாகச் சொல்கிறோம். அவ்வில் எத்தனை துண்டுகளால் ஆனது என்று கேட்டவர் மிகச் சிலர். அக்கேள்வியைக் கேட்டால், நம் முன்னோர் எத்தகைய காற்றில் வாழ்ந்தார்கள், அதை எவ்வளவு கூர்ந்து அறிந்திருந்தார்கள் என்பது தெரியவரும்.

மூட்டு ஏன் வேண்டும்?

வில்லை வளைக்கும்போது அம்பு செல்லும் திசையை நோக்கிய அதன் புறப்பக்கம் இழுபடுகிறது; வில்லாளியை நோக்கிய உட்பக்கம் நெருக்குண்கிறது. இரண்டுக்கும் நடுவே இழுப்பும் நெருக்கலும் இல்லாத ஒரு மெல்லிய படலம் உண்டு. அங்கே இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல முயலும். ஆகவே மேற்பரப்பில் ஒரு கீறல் இருந்தால் அது பிளவாகும். நடுவில் ஒட்டு தளர்ந்தால் அடுக்குகள் பிரியும். கைப்பிடி மட்டும் தடித்திருப்பதால் ஏறக்குறைய வளைவதே இல்லை. மரத்தை இணைத்தாக வேண்டும் என்றால் அதற்குப் பாதுகாப்பான இடம் கைப்பிடிதான்.

ஆனால் மரத்தை ஏன் இணைக்க வேண்டும்? முதற் காரணம் எளியது. முடிச்சும் முறுக்கும் இல்லாமல் ஆள் உயரத்திற்கு நேராக வளர்ந்த மரம் அரிது. அதில் பாதி நீளமுள்ள நல்ல துண்டு எளிதில் கிடைக்கும். குட்டையான ஒரு கட்டையை நெடுக்காக இரண்டாகப் பிளந்தால் உடன்பிறந்த இரு துண்டுகள் கிடைக்கின்றன. இரண்டும் ஒரே மழையைக் குடித்து ஒரே வேகத்தில் வளர்ந்தவை. அவற்றைக் கைப்பிடியில் இணைத்தால் வில்லின் மேற்கையும் கீழ்க்கையும் ஒத்த வலிமையோடு வளையும்.

எப்படி இணைப்பது என்பதில்தான் தச்சரின் அறிவு விளங்குகிறது. இரு துண்டுகளின் முனைகளையும் செங்குத்தாக அறுத்து நேருக்கு நேர் ஒட்டினால் அது நிற்காது. மரத்தின் குறுக்கு வெட்டில் இழைகளின் குழாய் வாய்கள் திறந்திருக்கும், பசையை அவை உறிஞ்சிவிடும், பிடிப்பு ஏற்படாது. இழைகளின் பக்கவாட்டில் ஒட்டினால் பிடிப்பு வலுவாகும். ஆகவே ஒரு துண்டின் முனையை ஆப்புப் போலக் கூராக்கி, மற்றொன்றின் முனையில் அதற்கேற்ற பிளவை வெட்டி, ஒன்றை மற்றொன்றுக்குள் செருகுவார்கள். பிளந்த முனை மீனின் வாலைப்போல் தோன்றும் என்பதால் இதை மீன்வால் மூட்டு என்று அழைக்கலாம். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 3 சென்டிமீட்டர் அகலமும் 3 சென்டிமீட்டர் தடிப்பும் உள்ள கைப்பிடியை நேராக அறுத்து ஒட்டினால் பசை படும் பரப்பு 9 சதுர சென்டிமீட்டர். அதையே 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஆப்பு மூட்டாக வெட்டினால் இரண்டு சரிவுகளும் சேர்ந்து 60 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். இரண்டு ஆப்புகளாக வெட்டினால் அது மீண்டும் இருமடங்காகும். மரம் அதே மரம், பசை அதே பசை. வெட்டும் கோணம்தான் வேறு.

இங்கிலாந்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று. அந்நாட்டின் நெடுவில் யூ என்னும் மரத்தின் ஒரே துண்டால் ஆனது. 1545இல் மூழ்கி 1982இல் மேலே கொணரப்பட்ட மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலிலிருந்து 170க்கு மேற்பட்ட நெடுவிற்கள் கிடைத்தன. அவை ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளமுடையவை. அத்தகைய நீண்ட தூய மரம் அத்தீவில் போதவில்லை. 1472இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், நாட்டுக்குள் வரும் சரக்கில் ஒவ்வொரு டன்னுக்கும் நான்கு வில்மரங்களைக் கொண்டுவர வேண்டும் என்று வணிகர்களைக் கட்டாயப்படுத்தியது. போருக்குரிய வில்லில் ஒட்டை நம்புவதைவிடக் கடல் கடந்து மரம் வாங்குவதே மேல் என்று அவர்கள் எண்ணினர் போலும். போர்க்களத்தை விட்டு வில் விளையாட்டுத் திடலுக்குப் போன பிறகு, 18, 19ஆம் நூற்றாண்டுகளில், ஆங்கில வில் செய்வோர் குட்டையான யூ துண்டுகளைக் கைப்பிடியில் மீன்வால் மூட்டால் இணைப்பது பெருவழக்காயிற்று.

ஐந்து துண்டு வில்

இணைப்புக்கு இரண்டாவது காரணம் குதிரை. ஒரே மரத்தால் ஆன வில் முறியாதிருக்க வேண்டுமானால், நாணை இழுக்கும் நீளத்தைப்போல் இருமடங்குக்குக் குறையாத நீளம் அதற்கு வேண்டும் என்பது வில் செய்வோரின் பொதுக்கணக்கு. குதிரைமேல் இருப்பவனுக்கு அவ்வளவு நீண்ட வில் இடையூறு. குட்டையாகவும் இருக்க வேண்டும், நெடிதாக இழுக்கவும் இடந்தர வேண்டும். மரம் தனித்து இதைச் செய்யாது. ஆகவே நடு ஆசியாவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழ்ந்தவர்கள் இழுபடும் புறப்பக்கத்தில் விலங்கின் தசைநாரையும் நெருக்குண்ணும் உட்பக்கத்தில் எருமைக் கொம்பையும் ஒட்டினார்கள். நடுவில் மெல்லிய மரம் இருந்தது.

அந்த நடுமரமும் ஒரே துண்டன்று. துருக்கிய வில்லை எடுத்துக்கொண்டால் கைப்பிடி ஒன்று, வளையும் கைகள் இரண்டு, நாணைத் தாங்கும் விறைத்த முனைகள் இரண்டு என ஐந்து துண்டுகள். அவை கூடும் நான்கு இடங்களிலும் மீன்வால் மூட்டு. பெரும்பாலும் மேப்பிள் மரம். தசைநாரிலிருந்தும் மீனின் காற்றுப்பையிலிருந்தும் காய்ச்சிய பசை. ஒவ்வொரு கட்டத்திற்கும் உரிய பருவம் பார்த்து, உலரவிட்டு, மீண்டும் ஒட்டி, ஒரு வில்லை முடிக்க ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். இஸ்தான்புல் நகரின் ஒக்மெய்தானி என்னும் அம்பெய்திடலில் இவ்விற்களால் எய்த தொலைவுகளைக் கல்நட்டுப் பதிந்து வைத்தனர். 2019இல் துருக்கிய வில்வித்தை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

விலங்குப் பசைக்குத் தமிழ்த் தச்சர் வழங்கும் பெயர் வச்சிரம். வைரத்துக்கும் இந்திரனின் படைக்கும் உரிய பெயரை அப்பசைக்குச் சூட்டியவர், அது இறுகிய பிறகு காட்டும் உறுதியை வியந்திருக்க வேண்டும். ஆனால் இந்த வச்சிரத்திற்கு ஒரு பகை உண்டு. தோலையும் நாரையும் காய்ச்சி எடுத்த புரதமாதலால் அது நீரை உறிஞ்சும், உறிஞ்சியதும் இளகும். வறண்ட காற்றில் மரத்தைவிட வலிய மூட்டு, ஈரக்காற்றில் நாள் செல்லச் செல்லத் தளரும்.

இந்தத் தளர்ச்சி ஓர் அரசையே புரட்டிய கதை கொரியாவில் உண்டு. 1388இல் கோரியோ அரசு, மிங் பேரரசின் வசமிருந்த லியாவ்துங் பகுதியின்மேல் படையெடுக்கத் துணிந்தது. படைத்தலைவர் யி சொங்கே அதை எதிர்த்து நான்கு காரணங்களை முன்வைத்தார். சிறிய நாடு பெரிய நாட்டைத் தாக்குவது, கோடையில் படை திரட்டுவது, வடக்கே சென்றால் தெற்கே கடற்கொள்ளையர் புகுவது ஆகியன முதல் மூன்று. நான்காவது, அது வெம்மையும் மழையும் கூடிய பருவம். விற்களின் பசை இளகும், படையில் நோய் பரவும் என்பது. மன்னர் கேட்கவில்லை. யி சொங்கே புறப்பட்டு, எல்லை ஆற்றிலிருந்த விஹ்வா தீவு வரை சென்று, வெள்ளத்தைக் கண்டு, படையோடு திரும்பினார். திரும்பியவர் தலைநகரைக் கைப்பற்றினார். 1392இல் கோரியோ முடிந்து அவருடைய புதிய அரச மரபு தொடங்கியது. அது ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அரசியல் காரணங்களே பெரியவை என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு நாட்டின் படைத்தலைவர் ஒருவர் அரசவையில் நின்று போருக்கு எதிரான வாதமாகப் பசையைச் சொன்னார் என்பதை வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டும். கொரியர் தம் கொம்பு விற்களை இளஞ்சூடான பெட்டிகளில் வைத்துக் காத்ததும் இதனால்தான்.

புறக்காழும் அகக்காழும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். தொல்காப்பியத்தின் மரபியல், செடிகொடிகளை வகுக்கும்போது புறத்தே வயிரம் உள்ளவற்றைப் 'புல்' என்றும் அகத்தே வயிரம் உள்ளவற்றை 'மரம்' என்றும் பிரிக்கிறது. காழ் என்பது வயிரம். பனையும் மூங்கிலும் புறக்காழ் உடையவை. ஆகவே அவை புல். மாணவர்கள் இதை இலக்கண நூலில் வந்த ஒரு வியப்பான செய்தியாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வில் செய்பவர் அப்படி நகர மாட்டார். அவருக்கு இது தொழிலின் முதற்பாடம்.

மூங்கிலின் குறுக்கு வெட்டைப் பார்த்தால் வெளித்தோலை ஒட்டி இழைகள் நெருங்கியும் உள்ளே செல்லச் செல்ல விலகியும் இருப்பது தெரியும். பனையிலும் வெளிப்புறம் கருவரியோடிய வயிரம், உள்ளே சோறு. இழுபடும் புறப்பக்கத்துக்கு உறுதியான பொருள், உள்ளே சற்று இளகிய பொருள் என்று துருக்கியர் தசைநாரையும் கொம்பையும் தேடி ஒட்டிய அதே வகையான அடுக்கை, வேறொரு முறையில், இச்செடிகள் தாமாகவே வளர்த்து வைத்திருக்கின்றன. தோலைக் கீறாமல் புறப்பக்கமாக வைத்துச் சீவினால் போதும், ஒட்டு வேண்டியதில்லை.

வடமொழி நூல்களும் இதே பொருள்களைச் சொல்கின்றன. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் படைக்கலச் சாலையைப் பற்றிய பகுதியில் பனை, மூங்கில், மரம், கொம்பு ஆகியவற்றால் ஆன விற்களைக் குறிப்பிட்டு, கார்முகம், கோதண்டம், துரூணம் என்னும் பெயர்களைத் தருகிறது. முதலிரண்டும் புறக்காழ், மூன்றாவது அகக்காழ், நான்காவதில்தான் ஒட்டு நுழைகிறது. அக்கினி புராணம் காலாள் வில்லுக்கு நான்கு முழ நீளம் சிறந்தது என்கிறது. அலெக்சாந்தரின் தளபதி நியார்க்கஸ் கண்டதை ஆதாரமாகக் கொண்டு அர்ரியன் எழுதிய குறிப்பும் இதனோடு ஒத்துவருகிறது: இந்தியக் காலாளின் வில் அவன் உயரமே இருந்தது; அதைத் தரையில் ஊன்றி இடக்காலால் மிதித்து நாணை இழுத்தான். அவ்வளவு நீண்ட வில்லுக்கு மூட்டும் கொம்பும் தேவையில்லை. ஆனால் மழையின் தொல்லை அதற்கும் வேறு வழியில் வந்தது. கி.மு. 326இல் நடந்த ஜீலம் ஆற்றுப் போரில், மழையால் நிலம் வழுக்கியதால் இந்தியர் வில்லை ஊன்ற இயலாமல் திணறினர் என்று குர்ட்டியஸ் எழுதுகிறார்.

வில்வித்தையைப் பேசும் தனுர்வேத நூல்களில் வசிட்டர் பெயரால் வழங்கும் நூல் மூங்கில் வில்லின் கணுக்களை எண்ணச் சொல்கிறது. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது கணுக்கள் நன்று; நான்கு, ஆறு, எட்டு ஆகா. சகுனம் பார்க்கும் பழக்கம் என்று இதைத் தள்ளிவிடலாம். நான் அவ்வாறு தள்ளமாட்டேன். கணுக்கள் ஒற்றைப்படையாகவும் சமச்சீராகவும் அமைந்தால் ஒரு கணு சரியாக நடுவில், கைப்பிடிக்குள் வரும். எஞ்சியவை இரு கைகளுக்கும் சமமாகப் பகிரும். இரட்டைப்படையானால் நடுவில் கணு வராது. கணு வளையாத இடம். வளையாத இடம் கைப்பிடியில் இருப்பதே நல்லது. ஐந்து துண்டு வில்லைச் செய்தவர் கைப்பிடியைத் தனியே செதுக்கி மூட்டிச் சேர்த்ததை, மூங்கில் வில்லைச் செய்தவர் கணுவை எண்ணித் தேர்ந்து பெற்றார் என்று கொள்ள இடமுண்டு.

இப்போது சொற்களைப் பார்ப்போம். அமரகோசம் வில்லின் முனைக்கு அடனி என்றும் நடுவுக்கு லஸ்தகம் என்றும் பெயர் தருகிறது. நாணுக்கும் கையுறைக்கும் பெயர் தருகிறது. மூட்டுக்குப் பெயர் தரவில்லை. தமிழில் வில், சிலை, சாபம், தனு, கார்முகம் எனப் பெயர்கள் பல. சிலை என்பது வில்லையும் குறிக்கும், வில் செய்தற்குரிய ஒரு மரத்தையும் குறிக்கும்; செய்பொருளுக்கும் மூலப்பொருளுக்கும் ஒரே பெயர் அமைந்தது கருதத்தக்கது. நாணைச் செருகும் வெட்டு குதை. நாணைப் பூட்டுகிறோம், அம்பைக் கோக்கிறோம், தொடுக்கிறோம். இணைத்தலைக் குறிக்கும் வினைகள் எல்லாம் நாணுக்கும் அம்புக்கும் உரியவையாக இருக்கின்றன. வில்லின் உடலுக்கு உரிய வினை வளைத்தல்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. அது மிக முதன்மையானது. சங்க நூல்கள் தொடங்கிக் காப்பியங்கள் வரை வரிவில், வரிசிலை என்னும் தொடர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. வரிதல் என்றால் இறுகக் கட்டுதல். உரையாசிரியர்கள் பலர் வரிந்த வில், கட்டமைந்த வில் என்றே பொருள் கொள்வர். வில்லின் உடலை நாராலோ தோல்வாராலோ இடைவிட்டுச் சுற்றிக் கட்டினால் மேற்பரப்பில் எழும் சிம்பு பிளவாக வளராமல் அடங்கும். ஈரம் பட்டால் பசை இளகுவதுபோல் கட்டுத் தன் பிடியை முற்றும் இழப்பதில்லை. தளர்ந்தாலும் மீண்டும் இறுக்கிக் கட்டலாம், களத்திலேயே கட்டலாம். கடற்கரையில் இதே அறிவைக் காண்கிறோம். கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த மிதவை, கட்டுமரம் என்னும் தன் பெயரோடு ஐரோப்பிய மொழிகளுக்குள்ளும் சென்றது. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளில் பலகைகளைக் கயிற்றால் தைத்தார்கள்; அலை மோதும்போது அவை நெகிழ்ந்து கொடுத்தன. நீரும் அசைவும் ஒருசேர இருக்கும் இடத்தில் நம்மவர் ஒட்டை நாடவில்லை, கட்டை நாடினர்.

பாடநூலில் ஒரு படிக்கட்டு

ஆசிரியர்களோடு ஒரு வழக்கை இங்கே தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன். படைக்கலங்களின் வரலாற்றைச் சொல்லும் நூல்கள் பலவற்றில் ஒரு படிக்கட்டு வரையப்பட்டிருக்கும். அடிப்படியில் ஒற்றை மரவில். அது 'தொடக்க நிலை'. மேற்படியில் ஒட்டிய கொம்பு வில். அது 'வளர்ச்சி நிலை'. அதைப் படிக்கும் தமிழ் மாணவன் தன் முன்னோர் அடிப்படியிலேயே நின்றுவிட்டார்கள் என்று முடிவு செய்கிறான். சிலர் அதற்கு மறுமொழியாக, எல்லாம் நம்மிடமும் இருந்தன என்று சான்றில்லாமல் அடித்துச் சொல்கிறார்கள். இரண்டு நிலைகளும் ஒரே படிக்கட்டை ஏற்றுக்கொண்டவையே.

தென்னாட்டார் கொம்பு வில்லை அறியாதவர்கள் அல்லர். திருமாலின் வில்லுக்குச் சார்ங்கம் என்று பெயர். சிருங்கம், அதாவது கொம்பு, என்னும் சொல்லிலிருந்து வந்தது அது. ஆண்டாள் திருப்பாவையில் மழையை வேண்டும் பாசுரத்திலேயே சார்ங்கத்தை நினைக்கிறார். மழைத்தாரை அங்கே அம்புமாரியாகிறது. கொம்பு வில்லுக்கு மழையைவிடப் பெரிய பகை இல்லை என்பதை அறிந்த எனக்கு, தெய்வத்தின் வில்லுக்கு மட்டுமே அது தகும் என்று தோன்றுவதுண்டு. பிற்காலத்தில் தக்காணத்துச் சுல்தான்களின் குதிரைப்படையோடு ஒட்டு வில் தெற்கே பெருகியது. ஆனால் தெற்கில் குதிரை வளர்ப்பு எளிதாக இல்லை. பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் அரேபியாவிலிருந்து குதிரைகள் பெருந்தொகையாக இறக்குமதியானதையும் அவற்றில் பல விரைவில் மடிந்ததையும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறித்தார். குதிரை அரிதாக இருந்த நாட்டில் குட்டை வில்லின் தேவையும் அரிதாகவே இருந்தது. பருவமழை நாட்டில் அதைக் காப்பதும் கடினம். காரணங்கள் இரண்டும் சேர்ந்தே தெற்கின் வில்லை ஒற்றைத் துண்டாக நிறுத்தின.

வட இந்தியாவிலேயே இச்சிக்கல் உணரப்பட்டது. கொம்பு வில்லின் வடிவத்தை அப்படியே பின்பற்றி எஃகினால் விற்கள் செய்யப்பட்டன. அவை கொம்பு வில்லைவிட மெதுவாக நிமிர்பவை, கைக்குக் கடுமையானவை. ஆயினும் படைக்கலச் சாலையில் ஆண்டுக்கணக்கில் ஈரத்துக்கு அஞ்சாமல் கிடக்கக்கூடியவை. அவற்றுள் சில, கைப்பிடியில் திருகி இரண்டாகப் பிரிக்கத்தக்கவை. பசை தோற்ற இடத்தில் திருகாணி வந்தது என்று சொல்லலாம்.

ஒற்றை வில் போரில் என்ன செய்யும் என்பதற்கு மலைநாட்டுச் சான்று ஒன்று போதும். பழசி இராசா ஆங்கிலேயக் கும்பினியை எதிர்த்துப் போரிட்ட காலத்தில், 1802 அக்டோபர் மாதம், தலக்கல் சந்துவும் எடச்சேன குங்கனும் குறிச்சியர் வில்லாளிகளோடு வயநாட்டின் பனமரம் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினர். எதிரில் நின்றவர்களிடம் துப்பாக்கி இருந்தது. வயநாடு மழை மிகுந்த மலை. வெடிமருந்தும் ஈரத்துக்கு அஞ்சும். சீவிய மூங்கில் அஞ்சாது. சந்து பிடிபட்டு 1805இல் கொல்லப்பட்டார்.

இவ்வாறு சொல்வதால் ஈரநாட்டில் ஒட்டு வில் இயலாது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஜப்பான் என் வாதத்துக்கு இடையூறாக நிற்கும் நாடு. அங்கும் கோடை ஈரமானது. அங்கும் தொடக்கத்தில் ஒற்றை மரவில்தான். பிறகு மரத்தின் புறப்பக்கத்தில் மூங்கிலை ஒட்டினர். அடுத்து இரு பக்கங்களிலும் ஒட்டினர். பின்னர் நடுமரத்தையும் மூங்கில் கீற்றுகளால் அமைத்தனர். ஒட்டும்போது வில் முழுவதையும் கயிற்றால் சுற்றி, கயிற்றுக்கும் வில்லுக்கும் இடையே ஆப்புகளை வரிசையாக அறைந்து வளைவை உண்டாக்கினர். ஆனால் அவர்கள் ஒட்டோடு நிறுத்தவில்லை. போருக்குரிய விற்களைப் பிரம்பினால் இடைவிட்டு இறுகச் சுற்றி, மேலே அரக்குப் பூசினர். இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட நீளத்தையும் குறைக்கவில்லை. படங்களில் அப்பிரம்புக் கட்டுகளைப் பார்க்கும் தமிழாசிரியருக்கு வரிசிலை என்னும் சொல் நினைவுக்கு வராமல் போகாது.

எஞ்சியவை

பழைய வில் ஒன்றைக் கையிலெடுத்து இதை மெய்ப்பிக்கலாமே என்று மாணவர் கேட்கலாம். நம் பெருங்கற்காலப் புதைகுழிகளில் இரும்பு அம்புமுனைகள் கிடைக்கின்றன. மூங்கிலும் பனையும் மண்ணில் கரைந்துவிடும். டென்மார்க்கின் ஹோல்மகோர் சதுப்பில் 1944இல் எடுத்த எல்ம் மரவிற்கள் ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழமையானவை. காற்றுப் புகாத குளிர்ச் சதுப்பு அவற்றைக் காத்தது. நம் பெருஞ்சதுப்புகளுக்கு அந்தக் குளிர்ச்சி இல்லை.

ஆகவே நமக்கு எஞ்சியவை உருவங்களே. சங்ககாலச் சேரர் செப்புக்காசுகளில் ஒருபுறம் யானையும் மறுபுறம் வில்லும் அம்பும் உண்டு. செங்கம் பகுதி நடுகற்களில் வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளுமாக நிற்கிறான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பண்டிதசோழத் தெரிந்த வில்லிகள் என்றொரு படைப்பிரிவின் பெயர் காணப்படுகிறது. உருவங்களைப் பார்த்து மூட்டு உண்டா இல்லையா என்று சொல்ல முயல்வோருக்கு ஓர் எச்சரிக்கை: இரட்டை வளைவு இருந்தாலே அது ஒட்டு வில்லாகிவிடாது. மூங்கிலைச் சூடேற்றி எதிர்ப்பக்கம் வளைக்கலாம். அந்தமான் பழங்குடியினர் ஒரே மரத்துண்டில் எதிரெதிர் வளைவுள்ள வில்லைச் செதுக்கியிருக்கிறார்கள்.

உயிரோடு எஞ்சிய வில் ஒன்று உண்டென்றால் அது வில்லுப்பாட்டின் வில். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பகுதிகளில் வயிரம் பாய்ந்த பனையைச் சீவி வளைத்துத் தோல்நாண் பூட்டி, மணிகளைத் தொங்கவிட்டு, குடத்தின்மேல் சார்த்தி, வீசுகோலால் அடித்துப் பாடினர். இக்காலத்தில் உலோக வில்லும் வந்துவிட்டது. சிங்கப்பூர்ப் பள்ளி மேடைகளில் வில்லுப்பாட்டு நிகழும்போது, பாட்டு முடிந்த பிறகாவது மாணவர் அந்த வில்லின் அருகே சென்று அது எதனால் ஆனது, நாணை எங்கே பூட்டியிருக்கிறார்கள் என்று விரலால் தடவிப் பார்க்கலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில், இரண்டாம் நிலைக் கோட்டங்களில், முப்புரம் எரித்த சிவன் மீண்டும் மீண்டும் நிற்கிறான். கையிலுள்ள வில்லும் உடலும் ஒரே கல். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் இராமனுக்கும் முப்புரம் எரித்த பெருமானுக்கும் வில் தனியே வார்க்கப்பட்டுக் கையில் பொருத்தப்பட்டது. அருங்காட்சியகங்களில் இன்று நாம் காணும் அத்தகைய திருமேனிகள் பலவற்றில், உயர்த்திய இடக்கையின் விரல்கள் வளைந்து நிற்கின்றன. நடுவில் வில் இல்லை.